‘ஒய்’ அழுத்தும் முன் 48 இலக்கம்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. புது சிபியு போட்டிருக்கிறது, எஃப்டிபிஎம் பதிவு கெட்டுவிட்டது, அழிப்பதென்றால் ‘ஒய்’, அப்படியே விடுவதென்றால் ‘என்’ என்று கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் நிற்கிறது. ஏஎம்டி மதர்போர்டு பழகியவர்களுக்கு இது தெரிந்த திரைதான். சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ சர்வீஸ் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே, அந்த இடத்தில் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் காவல் காக்கிறது. எஃப்டிபிஎம் என்பது அதே காவலைத் தனிச் சிப் இல்லாமல் ஃபர்ம்வேரிலேயே செய்வது. ‘ஒய்’ அழுத்தினால் அந்தக் காவல் கலைந்துவிடும். பிறகு டிஸ்க்கைத் திறக்க 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்றுதான் வழி. அதுவும் இல்லையென்றால் லாரி ஆபீஸின் டிரிப் கணக்கு, கோழிப் பண்ணையின் டேலி எல்லாம் டிஸ்க்கில் இருந்தபடியே இல்லாமல் போகும். டேட்டா ரெக்கவரிக் கடைக்குக் கொண்டுபோயும் பயனில்லை. ‘என்’ அழுத்தினாலும் கீ கேட்கலாம். ஆனால் எதுவும் அழியாது. பழைய சிபியுவைத் திரும்பப் பொருத்தினால் பழையபடி திறக்க வாய்ப்பு உண்டு.

“பிட்லாக்கர் போட்டிருக்கீங்களாக்கா?” என்று வாடிக்கையாளரிடம் கேட்டால், “அப்படியெல்லாம் எதுவும் போடலைங்க தம்பி” என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 11-உடன் வந்த பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: “முதல்ல ஆன் பண்ணினப்ப எந்த மெயில் ஐடி குடுத்தீங்க?” அந்தக் கணக்கில் நுழைந்தால் ரெக்கவரி கீகளுக்கான பக்கத்தில் கீ இருக்கும். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளும் அங்கே உள்ளவையும் ஒன்றுதானா என்று பாருங்கள். சில நேரம் மெஷினை விற்ற கடைக்காரரே தன் மெயிலைப் போட்டுக் கொடுத்திருப்பார். அவரையும் விசாரிக்க வேண்டும். பாஸ்வேர்டை வாடிக்கையாளரே அடிக்கட்டும். கீயை உங்கள் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, “நேத்து என்ன மாத்துனீங்க?” சிபியு மாற்றியது, பயாஸ் அப்டேட் செய்தது இரண்டும் அவர்களுக்கு நினைவிருக்கும். யாருக்கும் தெரியாமல் நடப்பது சிமாஸ் பேட்டரி தீர்வது. பயாஸில் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். 3 வோல்ட்டிலிருந்து நன்றாக இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். பேட்டரி தீர்ந்து பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குப் போனால், சில போர்டுகளில் எஃப்டிபிஎம் அணைந்துவிடும். அதைத் திரும்ப ஆன் செய்து, முன்பிருந்த அமைப்புகளை வைத்தாலே பல மெஷின்கள் கீ கேட்காமல் எழும்.

அடுத்து, நம்பகமான பூட் மென்பொருளை மட்டும் எழ விடும் செக்யூர் பூட். அதில் வயலேஷன் என்று வந்தால் செக்யூர் பூட்டையே அணைத்து அனுப்பும் பழக்கம் நம் தொழிலில் ஊறியிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விண்டோஸ் எழும் முன்பே உள்ளே புகுந்துகொள்ளும் பூட்கிட் வெறும் கதையல்ல. 2023-இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்த பிளாக்லோட்டஸ் அந்த வகைதான். பிட்லாக்கர் உள்ள மெஷினில் செக்யூர் பூட்டை அணைப்பதே கீ கேட்க வைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அணைத்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு. அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே நிறைய. அவர்களில் சிலர் பிறகு உபுண்டு, மின்ட் என்று போட்டுக்கொண்டார்கள். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, விண்டோஸும் லினக்ஸும் உள்ள பல கம்ப்யூட்டர்களில் எஸ்பேட் சோதனை தோற்றது என்ற எச்சரிக்கையோடு லினக்ஸ் எழ மறுத்தது. ஆபத்தான பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் எஸ்பேட் கொள்கையை அந்த அப்டேட் ஏற்றியதுதான் காரணம். ஹார்டுவேரில் பழுது இல்லை. அப்போது ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய் எஸ்பேட் கொள்கையை நீக்கி, பூட்லோடரைப் புதுப்பித்து, இன்னொரு முறை லினக்ஸை எழுப்பிய பின் செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டார்கள். ஃபார்மேட் தேவைப்படவில்லை.

2011-இல் வெளியான செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலாவதி 2026 ஜூனில் தொடங்குகிறது. அன்றோடு மெஷின் நின்றுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். எழும், ஆனால் 2023-இன் புதுச் சான்றிதழ் ஏறாத மெஷினுக்குப் பூட் பகுதியின் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காது. இதற்காகப் பயாஸ் அப்டேட் கேட்டு வருபவர்களிடம் முதலில் ரெக்கவரி கீயை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள், யுபிஎஸ்ஸில் செருகுங்கள், பிறகு அப்டேட். கீ கிடைக்காத மெஷினென்றால் “டேட்டா போகலாம்” என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.