நகரத்து மரங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

1950-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அப்போது மத்திய அரசின் உணவு, விவசாய அமைச்சராயிருந்த கே.எம்.முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கிவைத்த நாள் முதலாக, ஆண்டுதோறும் மரக்கன்று நடுவது இத்தேசத்தில் ஒரு பொதுக் கைங்கரியமாகவே நிலைபெற்றுவிட்டது. இன்று சென்னையில் குடியிருப்போர் நலச் சங்கத்தாரும், கல்லூரி மாணவரும், ஓய்வு பெற்ற பெரியவர்களும் விடுமுறை நாளில் மண்வெட்டியும் கையுமாகத் தெருவில் இறங்குவதைக் காணும்போது, நகர வாழ்க்கை மனிதரை முற்றிலும் சுயநலத்தில் ஆழ்த்திவிடவில்லை என்ற நம்பிக்கை எனக்குப் பிறக்கிறது. அத்தகையோருடைய பிரயாசை வீணாகிவிடக்கூடாதே என்ற கவலையால்தான், அவர்களிடையே வழங்கிவரும் சில தவறான எண்ணங்களை இங்கே விசாரிக்கத் துணிகிறேன்.

நட்டுவிட்டால் போதும், வளர்ப்பது மழையின் வேலை என்பது அவற்றுள் முதன்மையானது. எந்த மழை என்று இவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. வன மகோத்சவத்துக்குரிய ஜூலை மாதம், தென்மேற்குப் பருவமழை செழித்துப் பொழியும் பிரதேசங்களுக்கு உகந்த காலம். உலகச் சுற்றுச்சூழல் தினமாகிய ஜூன் 5-ஆம் தேதியோ, அக்கினி நட்சத்திரம் கழிந்தும் அனல் தணியாத நாட்களில் சென்னைக்கு வந்து சேர்கிறது. இந்நகரம் தன் மழையில் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் பெறுகிறது. ஆகையால், விழாவுக்காக ஜூனில் நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டால், தனக்குரிய மழை வருமுன்னரே அது கருகிப்போகும். விழாவை வேண்டுமானால் ஜூனில் நடத்தலாம்; குழியும் எருவும் அப்போதே ஆயத்தமாகட்டும்; நடுவதை ஐப்பசிக்குத் தள்ளிவைப்பதால் எவருக்கும் நஷ்டமில்லை.

மழைக்காலத்தில் நட்டாலும் பொறுப்பு அதனோடு தீர்ந்துவிடுவதில்லை. காட்டில் உதிரும் விதைகளுள் பெரும்பாலானவை மடிந்து ஒன்றிரண்டு மட்டும் விருட்சமாவதை நாம் பொருட்படுத்துவதில்லை. நகரத்திலோ நடப்பட்ட ஒவ்வொரு கன்றையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறோம். தெருவோரத்து மண் பெரும்பாலும் இடிந்த செங்கலும் சுண்ணாம்புக் காரையும் கலந்தது. நாற்றங்காலில் நெடுநாள் பையிலேயே இருந்த கன்றின் வேர் உள்ளே சுருண்டு கிடக்கும்; பையை முழுவதும் அகற்றி, சுருண்ட வேரைப் பிரித்துவிடாமல் நட்டால், சில ஆண்டுகளுக்குப் பின் அந்த வேரே மரத்தின் அடியை நெருக்கத் தொடங்கும். இவையெல்லாம் சரியாகச் செய்த பின்னும், முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் தாங்கி வருபவர் ஒருவர் வேண்டும். கர்நாடகத்தில் ஹுலிகல்லுக்கும் குடூருக்கும் இடையிலுள்ள சாலையில் நூற்றுக்கணக்கான ஆலமரங்களை வளர்த்து, 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சாலுமரத திம்மக்காவும் அவருடைய கணவரும் கன்றுகளை நட்டதோடு வீடு திரும்பிவிடவில்லை. குடங்களில் நீர் சுமந்து சென்று ஊற்றினார்கள், ஆடுமாடு கடிக்காதபடி முள்வேலி கட்டினார்கள். அந்த அம்மையாரின் புகழைப் பேசுகிற நாம் அவர் நட்ட கன்றுகளின் தொகையைச் சொல்கிறோமே அன்றி, அவர் சுமந்த குடங்களைச் சொல்வதில்லை. ஒரு தெருவார் நூறு கன்று நட்டுத் தொண்ணூற்றைச் சாகவிடுவதினும், பத்தே கன்றை நட்டு, எந்த வீட்டார் எந்தக் கிழமையில் நீர் விடுவது என்று முறை வகுத்துக்கொண்டு பத்தையும் காப்பாற்றுவது மேலான காரியம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

சீக்கிரம் வளரும் மரமே நல்ல மரம் என்பது இரண்டாவது நம்பிக்கை. மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றையும், தென்கிழக்காசியாவில் மலிந்த இயல்வாகையும், அமெரிக்கக் கண்டத்துத் தூங்குமூஞ்சி மரமும் விரைவில் ஓங்கி, விரிந்த நிழலும் கண்கவர் மலரும் தருவதால், நம் சாலைகளில் பெருவாரியாக இடம்பெற்றன. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, இவ்வகை மரங்கள் சாலைதோறும் சாய்ந்து கிடந்த காட்சியை அன்று இங்கே இருந்தவர் எவரும் மறந்திருக்கமாட்டார். அந்நிய மரம் என்பதனாலேயே அவை வீழ்ந்தன என்று முடிவுகட்டுவதும் நியாயமன்று. நம் நாட்டு மரங்களும் அன்று விழத்தான் செய்தன. மழைநீர் வடிகாலுக்கும் மின்கம்பிக்கும் பள்ளம் தோண்டியபோது ஒரு பக்கத்து வேர்களை வெட்டிவிட்டு, அடியைச் சுற்றிச் சிமென்டும் பூசி, கிளைகளை ஒரு பக்கமாகவே கழித்துவிட்ட மரம், எந்தத் தேசத்ததாயினும் புயலுக்கு எதிரே எவ்வாறு நிற்கும்? புங்கமும் பூவரசும் புன்னையும் மகிழமும் நம் கடற்கரைச் சீதோஷ்ணத்துக்குப் பழகியவை என்பது வாஸ்தவம். ஆனால் பழக்கம் மட்டும் காப்பாற்றாது. வேர் பரவ மண்ணும் வேண்டும்.

வேரைப் பற்றிய நம் எண்ணமே பிழையானது. மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில், நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் ஏறக்குறைய இரண்டு அடி ஆழத்துக்குள்ளேயே, கிளைகளின் விளிம்பையும் தாண்டி, பக்கவாட்டில் பரவுகின்றன. ஏனெனில் வேருக்கும் பிராணவாயு வேண்டும், அது மேல்மண்ணில்தான் தாராளமாகக் கிடைக்கும். அந்த மேல்மண்ணின்மீது நடைபாதைக் கற்களைப் பதித்துச் சிமென்டினால் மூடுவது மரத்தின் மூச்சை அடைப்பதற்குச் சமானம். 2013-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லி மாநகரில் மரங்களின் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் உள்ள சிமென்டை அகற்றும்படி உத்தரவிட்டது இக்காரணம் பற்றியே. புதுக்கன்று நட இடமில்லையே என்று வருந்தும் தெருவார், இருக்கிற மரத்தைச் சுற்றியுள்ள சிமென்டை மாநகராட்சியின் அனுமதியோடு பெயர்த்தெடுத்தால், அதுவே பெரிய உபகாரமாகும்.

இனி அரச மரத்துக்கு வருவோம். அது இரவிலும் பிராணவாயுவை வெளியிடுகிறது, ஆதலால்தான் முன்னோர் அதை வலம்வந்தனர் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பிராணவாயு ஒளிச்சேர்க்கையினால் உண்டாவது. சூரிய ஒளியின்றி அது நிகழாது. கள்ளி, அன்னாசி முதலிய சில தாவரங்கள் இரவில் கரியமில வாயுவை உட்கொண்டு சேமித்துவைக்கின்றன. அவையும் பிராணவாயுவை வெளியிடுவது பகலில்தான். இதற்கு நேர்மாறாக, புளிய மரத்தடியில் இரவில் படுத்தால் அது விடும் நச்சுவாயுவினால் ஆபத்து என்ற அச்சமும் ஆதாரமற்றது. திறந்த வெளியில் ஒரு மரம் இரவில் விடும் கரியமில வாயு காற்றோடு கலந்துபோகும் அற்பமே. காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு பிராணவாயு ஏற்கெனவே இருக்கிறது; தெருவிலுள்ள மரங்கள் அந்தக் கணக்கை மாற்றப்போவதில்லை. அவை நமக்குச் செய்யும் பிரத்தியட்சமான உதவி வேறு. நிழலால் தார்ச்சாலையும் சுவரும் சூடேறாமல் காக்கின்றன, இலைவழியே நீரை ஆவியாக்கிச் சுற்றுக்காற்றைக் குளிர்விக்கின்றன, புழுதியை ஏந்துகின்றன. சித்திரை வெயிலில் பஸ்ஸுக்காக நிற்கும் ஒருவருக்கு அரச மரத்தின் பெருமையை நிரூபிக்க இல்லாத வாயு எதற்கு?

காலியான இடமெல்லாம் மரம் நடுவதற்குரியது என்பது, நல்லெண்ணத்திலிருந்தே பிறந்து மிகுந்த தீங்கு செய்யும் நம்பிக்கை. தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்து, இத்தனை நிலம் மரமின்றிக் கிடக்கிறதே என்று இரங்குவோர் உண்டு. அது தரிசன்று. மழைக்காலத்து வெள்ளத்தை ஏந்தி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அனுப்புவதும், கோரையும் நாணலும் வளர்ந்து, வலசை வரும் பறவைகளுக்கு இரையும் புகலும் தருவதும் அதன் தொழில். 2022-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அது அங்கீகரிக்கப்பட்டது. அங்கே கரைகட்டி மண் கொட்டி மரம் வளர்ப்பது, நீர் நிற்கவேண்டிய இடத்தைப் பறித்து, அந்நீரை அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் திருப்பிவிடுவதேயாகும். அப்பகுதி மக்கள் பசுமைக்காக உழைக்க விரும்பினால், குப்பையும் கட்டட இடிபாடும் அங்கே வந்து விழாமல் கண்காணிப்பதும், மடுவின் நீர்வழி அடைபடும்போது அதிகாரிகளிடம் விடாது முறையிடுவதும், கன்றுகளைத் தங்கள் தெருவுக்குள்ளேயே நடுவதும் தக்கவை.