வைக்கோலும் வாழ்த்து மட்டையும்: ஸ்ரென்சில் முறையில் ஒரு கைவேலை

நெற்சாக்கின் மேலும் தேயிலைப் பெட்டியின் மேலும் கறுப்பு மையால் அடித்த எழுத்துகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த எழுத்துகள் இடையிடையே அறுந்து, துண்டு துண்டாக நிற்கும். அது அடித்தவரின் கவலையீனம் அல்ல. தகரத்தில் எழுத்தை வெட்டும்போது அதன் உட்பகுதி கழன்று விழாமல் பிடித்து வைப்பதற்காக விடப்பட்ட சிறு இணைப்புகளே அந்த இடைவெளிகள். வெட்டிய தகரத்தைச் சாக்கின்மேல் வைத்து மை பூசினால், வெட்டிய இடத்தில் மட்டும் மை இறங்கும். இதுதான் ஸ்ரென்சில். பாடசாலைகளிலும் ரியூட்டரிகளிலும் முன்பு றோணியோ இயந்திரத்தில் வினாத்தாள் அடித்ததும் இதே முறையில்தான். மெழுகுத் தாளில் தட்டச்சு எழுத்து வெட்டிய வழியால் மை இறங்கி, அடுத்த தாளில் பதிந்தது.

இந்த முறையால் நிறம் பூசி, அதன்மேல் வைக்கோல், சார்வோலை, துணித்துண்டு ஆகியவற்றை ஒட்டி வாழ்த்து மட்டை செய்வதே இம்முறைப் பாடம். இதற்குக் காணி வேண்டாம், கிணறு வேண்டாம். ஒரு பலகையும் நல்ல வெளிச்சமும் போதும். நீங்கள் முகாமில் இருந்தாலும், உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தாலும், திரும்பிப் போய்ப் பற்றைக்காட்டை வெட்டிக் காணி துப்பரவாக்கிக்கொண்டிருந்தாலும் செய்யலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது கமத்துக்கு ஈடாகாது. கைத்தொலைபேசி வந்தபின் தபாலில் வாழ்த்து அனுப்புவோர் நன்றாகக் குறைந்துவிட்டனர். இன்று கைவேலை மட்டையை வாங்குவோர், அதைக் கைவேலை என்பதற்காகவே வாங்குகின்றனர். கைப்பணிக் கடைக்கு வருவோர், விடுமுறைக்கு ஊர் வரும் வெளிநாட்டு உறவினர், திருமணத்துக்கும் பிறந்தநாளுக்கும் பரிசோடு ஒரு மட்டை வைக்க விரும்புவோர் என அவர்கள் ஒரு சிறு தொகையினரே. ஆகவே வேலை துப்பரவாக இருக்கவேண்டும். விலையும் சரியாகப் போடப்பட்டிருக்கவேண்டும்.

தகடு

பிறிஸ்ரல் போட்டில் வெட்டிய தகடு பத்து மட்டைக்குள் ஊறித் தளர்ந்துவிடும். மிகச் சிறந்த பொருள், வீட்டு மூலையில் கிடக்கும் பழைய எக்ஸ்றே படம். பசுபிக் தீவான பிஜியில் மரப்பட்டைத் துணிக்கு ஸ்ரென்சில் பூசும் பெண்கள் முன்பு வாழையிலையில் தகடு வெட்டினர். பின்னர் அவர்களும் எக்ஸ்றே படத்துக்கு மாறினர். படத்தின் மூலையில் நோயாளியின் பெயர் இருக்கும். அந்தத் துண்டை முதலில் வெட்டி எறியுங்கள். குளோரின் கரைத்த நீரில் படத்தை ஊறவிட்டுத் தேய்த்தால் கறுப்புப் படலம் கழன்று, கண்ணாடிபோல் வரும். அப்போது கீழே படத்தை வைத்துப் பார்த்து வெட்டலாம். அந்த நீரைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம்.

எக்ஸ்றே படம் கிடைக்காதவர்கள் தடித்த தாளின் இரு பக்கமும் மெழுகுதிரியைத் தேய்த்து, மெல்லிய சூட்டில் காட்டி மெழுகை ஊறவிடலாம். யப்பானியர் துணிக்கு நிறமூட்டும் தகட்டை, காக்கிப் பழச் சாறு பூசி ஒட்டிய தாளில்தான் வெட்டினர். காக்கி நமது பனிச்சையின் இனம். பனிச்சங்காய்ப் பாலில் வலையைத் தோய்த்து உறுதியாக்கிய கடற்றொழிலாளருக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

வெட்டுவதற்குப் புதிய பிளேட் வேண்டும். பழைய பிளேட் படத்தைக் கிழிக்கும், கையையும் வெட்டும். உருவத்தின் நடுவில் உள்ள சிறு துண்டுகளை முதலில் வெட்டி, பெரிய வெளிக்கோட்டைக் கடைசியாக வெட்டுங்கள். மாறிச் செய்தால் தகடு தளர்ந்து ஆடும். வளைவு வரும்போது பிளேட்டைத் திருப்பாமல் படத்தைத் திருப்புங்கள். இணைப்புகள் ஒரு நெல்மணியின் அகலமாவது இருக்கவேண்டும். எழுத்தில் இது இன்னும் முக்கியம். ‘ப’, ‘ட’ போன்ற எழுத்துகளை அப்படியே வெட்டலாம். ‘வ’, ‘ண’ போன்றவற்றில் மூடிய சுழி உண்டு. இணைப்பு விடாவிட்டால் உள்துண்டு விழுந்து, சுழி முழுவதும் மையாகிவிடும். என்னுடைய அபிப்பிராயம், எழுத்தைத் தகட்டால் அடிக்கவே வேண்டாம் என்பதுதான். வீட்டில் எழுத்து அழகாக உள்ள ஒருவர் பேனையால் ‘வாழ்த்துகள்’ என்று எழுதட்டும். வாங்குபவர் அதையே விரும்புவார்.

நிறம்

பழகாதவர்கள் செய்யும் பிழை எல்லாம் ஒரே பிழைதான்: நிறத்தில் தண்ணீர் கூடுவது. தண்ணீர் கூடினால் நிறம் தகட்டின் அடியால் ஓடி, விளிம்பு மங்கும். போஸ்ரர் கலரைக் கூழ்ப் பதத்தில் வைத்து, பழைய மெத்தைப் பஞ்சில் ஒரு துண்டை உருட்டி நூலால் கட்டி, நிறத்தில் தொட்டு, கழிவுத்தாளில் இரண்டு மூன்று தரம் ஒற்றி, பாதி காய்ந்த பஞ்சால் மட்டையில் ஒற்றவேண்டும். தேய்க்கக் கூடாது, மேலிருந்து கீழாகக் குத்தி ஒற்றவேண்டும். இரண்டு நிறம் வேண்டுமானால் இரண்டு தகடு வெட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே இடத்தில் மூலைக்குறி இருந்தால் நிறம் நிறத்தின்மேல் பிசகாமல் விழும். ஐந்து மட்டைக்கு ஒருமுறை தகட்டின் அடியைத் துடையுங்கள்.

வைக்கோல்

இதுதான் நமது மட்டையைக் கடை மட்டையிலிருந்து வேறுபடுத்துவது. நிறம் எவரும் பூசலாம். வைக்கோலின் பொன்நிறம் எந்தப் போத்தலிலும் இல்லை.

எல்லா வைக்கோலும் உதவாது. கதிருக்கும் மேற்கணுவுக்கும் இடைப்பட்ட நீண்ட, கணுவில்லாத தண்டையே எடுக்கவேண்டும். இயந்திரத்தால் வெட்டும் வயலில் இது நசுங்கி உடைந்துவிடும். ஆகவே காலபோக அறுவடையின்போது, தை, மாசியில், வயற்காரரிடம் கேட்டு ஒரு மூலையை அரிவாளால் அரிந்து, மழை படாமல் கட்டித் தூக்கி வையுங்கள். ஒரு கட்டு ஓராண்டுக்குப் போதும்.

தண்டை இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டு, காலையில் நகத்தால் நீளமாகக் கீறி விரித்து, உட்புறத்து வெள்ளைச் சோற்றைக் கத்தி முதுகால் வழித்து எடுங்கள். பின்பு பழந்துணி போட்டுச் சூடான அயன்பெட்டியால் அழுத்தினால் பட்டு நாடாபோல் படியும். சற்றுக் கூடுதலாக அழுத்தினால் தேன் நிறம். இன்னும் அழுத்தினால் மண்ணிறம். ஆக, ஒரே வைக்கோலில் மூன்று நிறம். நாடாக்களைப் பக்கம் பக்கமாக மெல்லிய தாளில் ஒட்டிக் காயவிட்டு, தகட்டாலேயே உருவத்தை வரைந்து வெட்டலாம். ஸ்ரென்சிலால் வயலும் வானமும் பூசி, அதன்மேல் வைக்கோலில் வெட்டிய சூட்டை ஒட்டிப் பாருங்கள்.

சார்வோலையும் இதுபோலவே. ஆனால் அது தடிப்பு. ஈர்க்கை நீக்கிய மெல்லிய கீற்றையே ஒட்டவேண்டும். மட்டை உறைக்குள் போகவேண்டும் என்பதை மறந்து, கிளிஞ்சல், மணி, கொட்டை எல்லாம் ஒட்டுவோர் உண்டு. அது சுவரில் மாட்டும் படத்துக்குச் சரி.

பசை, கோதுமை மாவில் காய்ச்சினால் மலிவு. ஆனால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் அதைத் தேடி வரும். கடைக்குப் போகும் மட்டைக்கு வெள்ளைப் பசையே பாவியுங்கள். துருசு கலக்கலாமே என்று சிலர் கேட்பர். அது நஞ்சு, பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

தாளும் காலமும்

ஏ4 தடித்த தாள் ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் 105 மில்லிமீற்றருக்கு 148 மில்லிமீற்றர் அளவில் இரண்டு மட்டை வரும். சி6 உறை 114க்கு 162. அதற்குள் சரியாகப் போகும். தாளுக்கும் மரத்தைப்போல் நார் ஓட்டம் உண்டு. தாளை இரு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள்; எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்த வழியே மடித்தால் மடிப்பு வெடிக்காது. மடிப்பைக் கரண்டி முதுகால் அழுத்துங்கள்.

நத்தார், பொங்கல் மட்டைகளைக் கார்த்திகையில் செய்யத் தொடங்கினால் காரியம் கெட்டுவிடும். மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்துச் சுருளும், வைக்கோலில் பூஞ்சணம் பிடிக்கும், வயலில் வேலையும் இருக்கும். ஆடி, ஆவணியில், சோளகம் வீசும் காலத்தில் செய்து, பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். காற்றுக்குத் தாள் பறக்கும்; ஒவ்வொரு அடுக்கின்மேலும் ஒரு கல் வைத்தால் போதும்.

என்ன படம்?

இந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லவேண்டும். வாங்குவோர் சிலர் முட்கம்பியையும் அழும் தாயையும் எதிர்பார்ப்பர். வேறு சிலர் நத்தாருக்குப் பனி மூடிய மரத்தைக் கேட்பர். லாவோஸ் மலைகளில் பயிர் செய்த ஹ்மொங் மக்கள் 1975இல் தொடங்கி மேக்கொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு வந்தனர். பூத்தையலில் கைதேர்ந்த அவர்களுடைய பெண்கள், முகாமில் துணியில் கதையைத் தைத்து விற்கத் தொடங்கினர். சிலர் விமானத்தையும் ஆற்றைக் கடந்ததையும் தைத்தனர். சிலர் விதைப்பையும் அறுவடையையும் புத்தாண்டையும் தைத்தனர். வெளிநாட்டு வீடுகளுக்குப் பொருந்துவதற்காக நிறங்கள் மங்கலாக்கப்பட்டதும் உண்டு. ஆனால் அந்தத் துணிகளில் உழவு கருவியும் கோழியும் தானியமும் சரியாக இருக்கின்றன. தைத்தவர்கள் அவற்றோடு வாழ்ந்தவர்கள்.

துலா எப்படிச் சாயும், வெங்காயப் பாத்தியில் தண்ணீர் எப்படி ஓடும், சூடு எப்படி வைக்கப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். நகரத்தில் இருந்து வரையும் ஓவியர் துலாவைப் பெரும்பாலும் பிழையாகவே வரைவார். துயரத்தைத்தான் வரையவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் வரையுங்கள். எவரும் கேட்டார் என்பதற்காக வரையவேண்டாம். மட்டையின் பின்பக்கம் ‘அகதிகள் செய்தது’ என்று போடும்படி சொல்வோர் உண்டு. நான் அதற்கு உடன்படமாட்டேன். இரக்கத்துக்காக வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார். செய்தவரின் பெயரும், ‘வைக்கோல், சார்வோலை, கைவேலை’ என்பதும் போதும்.

கணக்கு

நாற்பது மட்டைக்கு நேரத்தைக் குறித்து வையுங்கள். உதாரணமாக வெட்டி மடிக்க 2 மணி, நிறத்துக்கு 4, வைக்கோல் பதப்படுத்தி ஒட்ட 10, உறைக்கும் சரிபார்ப்புக்கும் 4 என்று வைப்போம். மொத்தம் 20 மணி. ஒரு மட்டைக்கு அரை மணி. எட்டு மணி நேர நாளில் 16 மட்டை. உங்கள் ஊர் நாட்கூலி 2,000 ரூபா என்று கொண்டால், மட்டைக்குக் கூலி 125 ரூபா. தாள், நிறம், பசை, உறை, பழுதானவை எல்லாம் சேர்த்து 35 என்றால் அடக்கவிலை 160. கடைக்காரர் விலையில் மூன்றில் ஒன்று எடுப்பாரானால், கடை விலை 240 இருக்கவேண்டும்.

இப்போது ஒருவர் வந்து, “நூறு ரூபாவுக்குத் தாருங்கள், எல்லாவற்றையும் எடுக்கிறேன்” என்கிறார். செலவு போக மிஞ்சுவது 65. நாளுக்கு 1,040 ரூபா. பாதிக் கூலி. ‘வீட்டில் சும்மா இருந்து செய்வதுதானே’ என்று அவர் சொல்வார்; நம்மவர்களே சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அந்த நேரம் சும்மா கிடந்ததல்ல. வீட்டுத் தோட்டத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் நித்திரைக்கும் உரிய நேரம் அது. நூறு ரூபாவுக்கு அவருக்கு மட்டை வேண்டுமானால், வைக்கோல் இல்லாமல் ஸ்ரென்சில் மட்டும் பூசிய மட்டையைக் கொடுங்கள். அதற்கு நேரம் பாதி; கணக்கு ஏறக்குறைய ஒத்துவரும். வைக்கோல் மட்டையை அந்த விலைக்கு விடவேண்டாம்.

விற்றபின் காசு தருகிறேன் என்று எடுக்கும் கடைகளுக்கு இருபதுக்கு மேல் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். எண்ணிக்கை, விலை, திருப்பித் தரும் திகதி மூன்றையும் எழுதிக் கையொப்பத்துடன் துண்டு வாங்குங்கள். வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் வைக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள். போஸ்ரர் கலர் வெளிறிவிடும்.