ஒரு லேசர், எண்பது தடங்கள்

ஆப்டிகல் ஃபைபர் துறையில் இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டு, அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசிப்பவரா நீங்கள்? அதிர்வெண் சீப்பைப் படியுங்கள்.

இன்றைய டிடபிள்யூடிஎம் கருவிகளில் எண்பது தடம் என்றால் எண்பது லேசர். ஒவ்வொன்றும் தன் போக்கில் லேசாக நகரும். பக்கத்துத் தடத்தோடு உரசாமலிருக்க இடைவெளி விடுகிறோம். அவ்வளவு அலைக்கற்றையும் வீண். சீப்பில் எல்லாக் கோடுகளும் ஒரே லேசரிலிருந்து சம இடைவெளியில் பிறக்கின்றன. நகர்ந்தாலும் சேர்ந்தே நகரும், அதனால் நெருக்கி அடுக்கலாம். 2020இல் மெல்பர்னில் ஒரே சிப்பின் 80 கோடுகளை வைத்து நொடிக்கு 44.2 டெராபிட் வரை எட்டினார்கள். 2022இல் டென்மார்க், ஸ்வீடன் ஆய்வாளர்கள் 37 உள்ளகம் கொண்ட 7.9 கி.மீ. ஃபைபரில் நொடிக்கு 1.84 பெட்டாபிட் அனுப்பிக் காட்டினார்கள்.

இந்தச் சாதனை எண்களை இன்டர்வியூவில் ஒப்பிக்காதீர்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு லேசரின் 20 மில்லிவாட்டை 80 கோடுகளுக்குச் சமமாகப் பிரித்தால் கோட்டுக்கு 0.25 மில்லிவாட், அதாவது மைனஸ் 6 டிபிஎம். மாடுலேட்டர் அதிலும் ஒரு பங்கைத் தின்னும். ஆம்ப்ளிஃபையர் போட்டால் இரைச்சலும் கூடும். நடுக்கோடுகள் 64 க்யூஏஎம் தாங்கினாலும், வலுக் குறைந்த ஓரக் கோடுகள் தாங்காமல் போகலாம். சீப்பின் உண்மையான சிக்கல் இதுதான். இதை விளக்கத் தெரிந்தவர் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

கைப்பழக்கத்துக்குச் சீப்பு உருவாக்கும் சிப் தேவையில்லை. ஒரு லேசர், ஒரு ஃபேஸ் மாடுலேட்டர், 25 கிகாஹெர்ட்ஸ் ஆர்எஃப் மூலம் போதும். ஸ்பெக்ட்ரம் அனலைசரின் ரெசல்யூஷனை 0.5 நானோமீட்டரில் விட்டிருந்தால் திரையில் ஒரே மேடுதான் தெரியும், 0.02க்கு இறக்குங்கள், பற்கள் பிரியும். ஆர்எஃப் சக்தியைக் கூட்டினால் புதிய கோடுகள் இருபுறமும் முளைக்கும், ஆனால் உயரம் ஏறுக்குமாறாக இருக்கும். கூடவே ஓர் இன்டென்சிட்டி மாடுலேட்டரைச் சேர்த்துச் சரியாக டியூன் செய்தால் தலைகள் ஓரளவு சமமாகும். கனெக்டரைத் துடைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகே செருகுங்கள். 1550 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, ஒளி ஓடும் இழையின் முனையை நேராகப் பார்க்கவே கூடாது.

சீப்பு என்ற பெயரில் வேலை விளம்பரம் வருவது அரிது. சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ், கோஹிரண்ட் டிஎஸ்பி என்று தேடுங்கள். சென்னை ஐஐடியில் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் மையமே இருக்கிறது. நீங்கள் இறுதியாண்டு மாணவர் என்றால், ப்ராஜெக்ட் தலைப்பு முடிவாகும் முன்பே அங்கே எழுதிக் கேளுங்கள்.