கண்ணாடி ஏன் பாதியில் நின்றது?

எங்கள் படிப்பு மையம் செகந்திராபாத்தில் இருக்கிறது. மாலை 7 மணிக்கு வகுப்பு. படிக்க வருபவர்களில் ஓர் அண்ணன் கார் டிரைவர். ஒருநாள் அவர் வாடிய முகத்தோடு வந்தார்.

"தம்பி, காரைப் பூட்டினால் 4 கண்ணாடியும் தானாக ஏற வேண்டும். அதற்கென்று முதலாளி ஒரு பெட்டி வாங்கி மாட்டியிருக்கிறார். 2 நாளாகப் பின்கண்ணாடி ஒன்று பாதியில் நின்றுவிடுகிறது. நேற்று மழையில் சீட் நனைந்துவிட்டது. நான்தான் பெட்டியைக் கெடுத்தேனாம். புதுப் பெட்டியின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பேன் என்கிறார்" என்றார்.

மறுநாள் இருவரும் ராணிகஞ்சுக்குப் போனோம். அங்கே வண்டி உதிரி பாகக் கடைகள் நிறைய உண்டு. பக்கத்துச் சந்தில் கார் எலெக்ட்ரீஷியன் பாய் ஒருவர் இருக்கிறார். வாணியம்பாடிக்காரர். தமிழும் உருதும் பேசுவார். அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது?

காரைப் பூட்டும்போது பூட்டின் கம்பியில் சிறிது நேரம் மின்சாரம் வரும். அதுதான் பெட்டிக்குச் செய்தி. உடனே பெட்டி கண்ணாடி மோட்டார்களை ஓட விடும். கண்ணாடி மேலே போய் முட்டியதும் மோட்டார் திணறும். திணறினால் அதிக மின்சாரம் இழுக்கும். பல பெட்டிகள் அதைப் பார்த்துத்தான் மோட்டாரை நிறுத்துகின்றன.

"கிணற்றில் தண்ணீர் இறைக்கிறோம். வாளி மேலே வந்து ராட்டினத்தில் இடித்தால் கை கனக்கும். நடுவழியில் கல்லில் மாட்டினாலும் கை கனக்கும். நமக்குக் கண் இருக்கிறது, எட்டிப் பார்க்கிறோம். பெட்டிக்குக் கண் இல்லையே!" என்றார் பாய்.

எங்கே பழுது? எப்படிக் கண்டுபிடிப்பது?

1. முதலில் கதவில் உள்ள சுவிட்சை அழுத்திப் பாருங்கள். சுவிட்சிலும் கண்ணாடி மெதுவாக ஏறினால் பெட்டியின் மேல் குற்றம் இல்லை. கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் புழுதி இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். அதில் புழுதி ஒட்டும், ரப்பரும் கெடும். துடைத்தும் சரியாகாவிட்டால் மோட்டாரைப் பார்க்க வேண்டும்.

2. எந்தக் கண்ணாடியும் அசையவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே எண் உள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும். கம்பி சுற்றிப் போடாதீர்கள். கார் தீப்பிடிக்கும்.

3. சுவிட்சில் ஏறுகிறது, பூட்டினால் ஏறவில்லையா? எல்லாக் கதவும் நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பூட்டிலிருந்து பெட்டிக்கு வரும் கம்பியின் இணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

4. நான்கும் மெதுவாக ஏறுகின்றனவா? எஞ்சினை ஓட விட்டுச் சுவிட்சை அழுத்துங்கள். இப்போது வேகமாக ஏறினால் பேட்டரி தளர்ந்திருக்கலாம். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

5. சில நாள் நிறுத்திய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? பூட்டிய காரில் மின்சாரம் கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. மேலே போனால் பெட்டியின் கம்பியைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு இறங்கினால் பெட்டிதான் காரணம்.

அண்ணனின் காரில் பாய் சுவிட்சை அழுத்தினார். பின்கண்ணாடி பாதிவரை ஏறியது. அங்கே முனகியது. பிறகு மெல்ல மேலே போனது. ரப்பர் முழுவதும் கோடைப் புழுதி! துடைத்து, ஸ்பிரே அடித்து, காரைப் பூட்டினோம். 4 கண்ணாடியும் முழுதாக ஏறின. ஸ்பிரே வாங்கிய செலவுதான். புதுப் பெட்டி தேவைப்படவில்லை.

குழந்தைகள் கவனம்!

பாய் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கண்ணாடி ஏறும் வழியில் வைத்தார். கண்ணாடி அதை நசுக்கிய பிறகுதான் நின்றது. கீழே இறங்கவில்லை. "இது பிள்ளையின் கையாக இருந்தால்?" என்று கேட்டார். நாங்கள் பேசவில்லை.

கம்பெனியே வைக்கும் தானியங்கிக் கண்ணாடிகள் பல, ஏதாவது தடுத்தால் உடனே கீழே இறங்கும். வெளியில் வாங்கி மாட்டும் எல்லாப் பெட்டிக்கும் அந்த வசதி இல்லை. வாங்கும்போதே கேளுங்கள். காகிதச் சுருளை வைத்துச் சோதியுங்கள். கையை வைக்காதீர்கள்.

குழந்தை தலையை வெளியே நீட்டியபடி சுவிட்சின் மேல் முழங்காலை ஊன்றினாலும் ஆபத்துதான். அதனால் சுவிட்சை இழுத்தால்தான் கண்ணாடி ஏற வேண்டும் என்று அமெரிக்காவில் 2005-இல் சட்டம் செய்தார்கள்.

ஹைதராபாத்தில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மூடிய காருக்குள் 10 நிமிடத்திலேயே சூடு வேகமாக ஏறும். எனவே காரைப் பூட்டுமுன் பின்சீட்டைத் திரும்பிப் பாருங்கள்.

அண்ணன் இந்த 5 சோதனைகளையும் தன் கையாலேயே நோட்டில் எழுதினார். மறுநாள் முதலாளியிடம் காட்டினார். அவர் படித்தார். சம்பளத்தில் பிடிக்கவில்லை.

பயிற்சி

1. கண்ணாடி பாதியில் நின்றதற்குக் காரணம் என்ன?
2. ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றினால் என்ன ஆகும்?
3. உங்கள் தொழிலில் அடிக்கடி வரும் ஒரு பழுதையும், அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் 5 வரிகளில் எழுதுங்கள்.