லினக்ஸில் தேங்கும் பேக்கேஜ்களை நீக்குவது எப்படி?

புதிதாக உபுண்டு லினக்ஸ் போட்டவர்கள் கண்ணில் படும் புரோகிராம்களை எல்லாம் இன்ஸ்டால் செய்து பார்ப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் பிடிக்காததை நீக்கிய பின்னும், அதனுடன் வந்தவை தங்கிவிடும். இவை ஹார்ட் டிஸ்க்கில் இடம் பிடிப்பதோடு, அப்டேட் வரும்போதெல்லாம் டவுன்லோட் ஆகி நெட் செலவையும் கூட்டும்.

இவை எப்படி வருகின்றன? நீங்கள் ஒரு வீடியோ எடிட்டரைக் கேட்டால், அதற்குத் தேவையான லைப்ரரிகளையும் ஆப்ட் சேர்த்தே கொண்டு வரும். நீங்கள் கேட்டது 'மேனுவல்', தானாக வந்தது 'ஆட்டோ' என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். இந்தக் கணக்கு புரிந்தால் சுத்தம் செய்வது எளிது.

மாதம் ஒருமுறை நான் செய்வது இதுதான். டெர்மினலைத் திறந்து, கமாண்டுகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யுங்கள்.

1. 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்': மேனுவல் பட்டியல் கிடைக்கும். சிஸ்டத்தோடு வந்த பெயர்களும் இதில் இருக்கும். தெரியாத பெயரைத் தொட வேண்டாம்.

2. 'சூடோ ஆப்ட் பர்ஜ்' என டைப் செய்து, இடைவெளி விட்டு, வேண்டாத பேக்கேஜின் பெயரைத் தாருங்கள். 'ரிமூவ்' கொடுத்தால் சிஸ்டத்தில் உள்ள செட்டிங் ஃபைல்கள் தங்கிவிடும். 'பர்ஜ்' அவற்றையும் நீக்கும். ஹோம் ஃபோல்டரில் உள்ள உங்கள் ஃபைல்களுக்கு ஆபத்தில்லை.

3. 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்': யாருக்கும் தேவைப்படாத 'ஆட்டோ' பேக்கேஜ்கள் நீங்கும்.

4. 'சூடோ ஆப்ட் கிளீன்': டவுன்லோட் செய்து சேமித்த இன்ஸ்டால் ஃபைல்கள் அழியும்.

ஸ்னாப் முறையில் வந்தவை இந்தக் கணக்கில் சேராது. அவற்றை 'ஸ்னாப் லிஸ்ட்' காட்டும்.

எச்சரிக்கை! நீக்கும் முன் ஆப்ட் ஒரு பட்டியலைக் காட்டி, சம்மதம் கேட்கும். அதை முழுவதும் படியுங்கள். 'டெஸ்க்டாப்' என்று முடியும் பெயர் இருந்தால் 'என்' தட்டி வெளியேறுங்கள்.

பைத்தான் கற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிஸ்டத்தின் பல கருவிகள் பைத்தானை நம்பியே ஓடுகின்றன. சிஸ்டம் முழுவதற்குமாக 'பிப்' மூலம் எதையாவது போட்டால், அவை பழுதாகலாம். அதனால்தான் 2023இல் வந்த டெபியன் 12 முதல் அப்படிப் போட முயன்றால் தடுத்துவிடுகிறது. தடையை மீற வழி தேடாதீர்கள். 'வென்வ்' மூலம் ஹோம் ஃபோல்டருக்குள் தனி இடம் அமைத்து, அதில் போடுங்கள். வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும், சிஸ்டத்தில் எதுவும் மிஞ்சாது.