பியானோவும் கமகமும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் வாழும் எம் தோழர் சிலர் மாலை வேளைகளிற் பியானோ பயில்கின்றனர். "இதனாற் பிழைப்பு உண்டோ?" என்று வீட்டுப் பெரியோர் வினவுங்கால், யாம் லிடியன் நாதஸ்வரம் என்பாரின் பெயரைச் சொல்லித் தப்புவதுண்டு. சென்னையைச் சேர்ந்த அவர் 2019ஆம் ஆண்டில், தம் 13ஆம் வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் வென்று 10 இலட்சம் டாலர் பரிசு பெற்றார். ஆயினும் பரிசு வேறு. வாழ்நாள் தொழில் வேறு. ஆதலின் இவ்வினாவைச் சற்று ஆராய்வாம்.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். பியானோவில் 88 கட்டைகள் உள. ஒன்றை அழுத்தினால் சிறு சுத்தியல் தந்தியைத் தட்டி மீளும். தட்டியபின் அச்சுரத்தை அசைத்தல் வாசிப்பவர்க்கு இயலாது. வீணையிலோ தந்தியை மெட்டின்மேல் இழுத்து அசைக்கலாம். அவ்வசைவே கமகம். தோடியின் காந்தாரத்தை அசையாது நிறுத்தின், தோடியின் உருவமே மாறிவிடும். எனவே, பியானோ நம் இசைக்கு ஒவ்வாது என்பார் பலர்.

தமிழ் பயிலும் எமக்கு ஈண்டு 21 நரம்புடைய பேரியாழ் நினைவிற்கு வருகின்றது. பாணரை வாழ்வித்த யாழ் பின்னாளில் வழக்கொழிந்தது; வீணை நிலைபெற்றது. பியானோவிற்கும் நம் நாட்டில் அக்கதிதானோ?

இதற்கு விடையாக நிற்பது சென்னைப் பியானோக் கலைஞர் அனில் சீனிவாசனின் வாழ்வு. இவர் சிறுவயதிலேயே மேனாட்டு முறையிற் பியானோ பயின்றவர். நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கற்றவர். தாயகம் மீண்டு, கருநாடக இசைப் பாடகர் சிக்கில் குருசரணுடன் மேடையேறினார். கமகத்தைக் கட்டைகளிற் போலி செய்ய முற்படாது, அதனைப் பாடகரின் குரலுக்கே விட்டு, அக்குரலைத் தாங்கும் சுரக்கூட்டுகளையே தாம் அமைத்தார். தம் கருவிக்கு இயலாததை அறிந்தமையே அவருக்கு இடந்தேடித் தந்தது என்பது எம் கருத்து.

மேடையோடும் அவர் நின்றாரல்லர். ராப்சடி என்னும் அமைப்பை நிறுவிப் பள்ளிச் சிறார்க்கு இசை கற்பிக்க முனைந்தார். பியானோ கேட்டுப் பழகாத ஊரில், வாசிப்போன் தன் அவையையும் தானே வளர்த்துக்கொள்ளல் வேண்டுமன்றோ?

ஆகவே பெரியோர் மீண்டும் வினவின், இனிப் பரிசுத் தொகையைச் சொல்லோம். வாசித்தலும் கற்பித்தலும் சேர்ந்ததே இத்தொழில் என்றும், அதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும் என்றும் உள்ளவாறே உரைப்போம்.