எந்த எஞ்சின்?

பறந்துகொண்டிருக்கிற ஆகாய விமானத்தில் ஒரு எஞ்சின் பழுதானால் விமானி முதலாவது என்ன செய்வார்? "உடனே அந்த எஞ்சினை நிறுத்திப்போடுவார்" என்று நம்மில் அநேகர் சொல்லுவோம். அப்படியல்ல. முதலாவது, விமானம் சீராகப் பறக்கிறதா என்று பார்ப்பார். இரண்டாவது, எந்தத் திசையில் போகவேண்டும் என்பதைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் தரையில் இருக்கிறவர்களோடு பேசுவார். இந்த வரிசையைத்தான் விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். ரெண்டு எஞ்சின் உள்ள பிரயாணி விமானம் ஒரே எஞ்சினில் பறந்து இறங்கும்படியாகவே கட்டப்பட்டிருக்கிறது. எஞ்சின் போச்சு என்றதும் கல்லுமாதிரி விழுந்துவிடாது. அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? துக்கமான ஒரு சம்பவத்தை நிதானமாய்ப் பார்ப்போம்.

1989 ஜனவரி 8-ம் தேதி. இங்கிலாந்து தேசம். பிரிட்டிஷ் மிட்லண்ட் கம்பெனியின் போயிங் 737-400 விமானம் லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் புறப்பட்டது. உள்ளே 126 பேர். 28,000 அடிக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கையில் இடது எஞ்சினின் முன்பக்க விசிறியில் ஒரு தகடு முறிந்தது. விமானம் குலுங்கிற்று. புகை வாசனை வந்தது.

தலைமை விமானி, எந்த எஞ்சின் என்று கேட்டார். துணை விமானி இடது என்று சொல்ல வாயெடுத்து, உடனே வலது என்று மாற்றிச் சொன்னார். தலைமை விமானிக்கும் அது சரியாகவே பட்டது. ஏனென்றால் பழைய 737 விமானங்களில் பிரயாணிகள் பகுதிக்கு அதிகமாய்க் காற்று வருவது வலது எஞ்சினிலிருந்து. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து புகை வந்தால் வலது என்று அவர் எண்ணினார். இந்தப் புதிய மாடலிலோ ரெண்டு பக்கமிருந்தும் காற்று வருகிறது. குலுக்கத்தைக் காட்டுகிற மீட்டர் அவர்களுக்கு முன்னாலேயே இருந்தது. ஆனால் அது சின்னது. பழைய விமானங்களில் அந்த மீட்டர் நம்பத்தக்கதாய் இல்லாததினால் விமானிகள் அதைப் பார்ப்பதில்லை. தீர்மானம் பண்ண ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நல்ல எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, பிறகு அதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போதுதான் கவனிக்கவேண்டிய காரியம் நடந்தது. குலுக்கம் குறைந்துபோயிற்று! புகையும் குறைந்தது. தானாக வேகம் கூட்டுகிற கருவியை நிறுத்தினதினால் இடது எஞ்சினுக்குப் போகிற எரிபொருள் குறைந்து, அது கொஞ்ச நேரம் அமைதியானது. அவ்வளவுதான். விமானிகளோ, நாம் செய்தது சரி என்று நிச்சயித்துக்கொண்டார்கள். திரும்ப ஒருவிசை சரிபார்க்கத் தொடங்கினபோதும் ரேடியோவில் அழைப்பு வந்து அந்தப் பேச்சு பாதியில் நின்றது.

வலது எஞ்சினில் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம் என்று தலைமை விமானி பிரயாணிகளுக்கு அறிவித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அநேகர் இடது பக்கம் நெருப்புப் பொறி பறந்ததைத் தங்கள் கண்ணாலே கண்டவர்கள். பணிப்பெண்களில் சிலரும் கண்டார்கள். ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. "பைலட்டுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?" நாம் அங்கே இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்போமா? எனக்குச் சந்தேகம்தான்.

கோளாறு தொடங்கி ஏறக்குறைய 20 நிமிஷம் கழித்து, ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையம் கிட்டவந்த நேரத்தில் இடது எஞ்சின் முற்றிலும் நின்றது. வலது எஞ்சினைத் திரும்ப முடுக்க நேரமில்லை. கெக்வொர்த் கிராமத்துக்கு அருகே, ஓடுபாதைக்குச் சற்று முன்னே, எம்-1 நெடுஞ்சாலையின் கரையில் விமானம் மோதிற்று. 47 பேர் மரித்தார்கள். சாலையில் போன வாகனங்களில் ஒருவருக்கும் சேதமில்லை.

விமானிகள் ரெண்டு பேரும் காயங்களோடு பிழைத்தார்கள்; பிற்பாடு வேலையை இழந்தார்கள். அவர்கள் அனுபவமில்லாதவர்கள் அல்ல. ஆனால் அந்த மாடலுக்கென்று சிமுலேட்டர் பயிற்சி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள்மேல் மாத்திரம் பழி போடுவது நியாயமல்ல என்பது என் எண்ணம்.

விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கிற முறை இது: ஒரு விமானி எஞ்சின் நெம்புகோலின்மேல் கை வைத்து இன்னதென்று சொல்வார். மற்றவர் தன் கண்ணாலே பார்த்து ஆமென்று உறுதிசெய்யவேண்டும். அதற்கப்புறமே கை அசையும். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பணியாளரும் கண்டதைச் சொல்லவேண்டும் என்று விசாரணை அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள்.

இன்னொரு சம்பவம். 2010 நவம்பர் 4, குவாண்டாஸ் கம்பெனியின் ஏர்பஸ் ஏ-380, 469 பேரோடு சிங்கப்பூரிலிருந்து கிளம்பின சில நிமிஷங்களில் ரெண்டாம் எஞ்சின் வெடித்தது. துண்டுகள் இறக்கையைத் துளைத்து, பாத்தாம் தீவிலே விழுந்தன. எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்துகொண்டே இருந்தன. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி சடுதியில் இறங்க ஓடவில்லை. விமானம் பறக்கிறது, கட்டுக்குள் இருக்கிறது என்று கண்டு, வட்டமடித்துக்கொண்டே, அறையிலிருந்த 5 விமானிகளும் ஒவ்வொரு எச்சரிக்கையாய்ப் பார்த்து முடித்தார்கள். அதற்கே 50 நிமிஷம் ஆயிற்று. எது கெட்டுப்போனது என்று எண்ணி முடியாதபோது, எது இன்னும் வேலை செய்கிறது என்று எண்ணினாராம். சாங்கியில் இறங்கி நின்றபோது ஓடுபாதையில் மீதி ஏறக்குறைய 150 மீட்டர்.

அப்போதும் அவசரப்படவில்லை. பிரேக் கொதிக்கிறது, எரிபொருள் ஒழுகுகிறது. முதலாம் எஞ்சினோ நிறுத்தினாலும் நிற்கவில்லை. சறுக்குப்பாதையில் இறக்கினால் கீழே நெருப்பு பிடிக்கலாம் என்று எல்லாரையும் உள்ளேயே இருக்கவைத்து, பிறகு ஒரே கதவு வழியாய்ப் படிக்கட்டில் இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. நிற்காத அந்த எஞ்சினைத் தீயணைப்புக்காரர்கள் தண்ணீரும் நுரையும் அடித்து அணைக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆயிற்று.